தேன்கடல் நகரில் பால் காய்ச்சிய கதை

நான் எட்டு மாதம் ரியல் எஸ்டேட் தொழில் செய்தேன். மொத்தம் எவ்வளவு சம்பாதித்தேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால், ‘இதுக்கா இவ்வளவு பேச்சு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ராமநாதபுரத்தில் ஒரு மாடி அறையில் நடந்த கம்பெனி எனக்கு ‘சீனியர் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தது. (ஜூனியர் யாரும் கிடையாது. முதலாளியும் நானும்தான்.) சம்பளம் இல்லை. பிளாட் விற்றால் பத்து சதவீதம் கமிஷன். விற்காத நாட்களில் விற்றவன் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்காக நான்கு வெள்ளைச் சட்டையும் ஒரு கூலிங் கிளாஸும் கைக்காசில் வாங்கியிருந்தேன். யாராவது மாச வருமானம் கேட்டால், "வந்தா லட்சத்துல வரும்" என்பேன். அது பொய்யில்லை. ஏழு மாதமாக வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதிலுக்கு மயங்காத ஒரே ஆள் கருப்பையா மாமா. எனக்குப் பேசியிருந்த முத்துச்செல்வியின் தாய்மாமன். அவளுக்கு அப்பா இல்லை, மாமா தலையாட்டினால்தான் கல்யாணம். பெண் பார்க்கப் போன இடத்தில், நான் கேசரியை வாயில் வைத்த நேரம் பார்த்துக் கேட்டார்.

"வந்தா லட்சம், சரி மாப்ள. வராட்டி?"

நான் கேசரியை மென்றுகொண்டே இருந்தேன்.

"ஒரே ஒரு பிளாட்டை வித்துட்டு வாங்க. மறுவாரமே பரிசம் போட்டுருவோம்" என்று முடித்துவிட்டார். எனக்கோ முத்துச்செல்வியை அப்படிப் பிடித்திருந்தது. (அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று கேட்கத் தோன்றவே இல்லை. சட்டை மேல் அவ்வளவு நம்பிக்கை.)

நாங்கள் விற்ற இடம் உப்பூர் பக்கம், ‘தேன்கடல் நகர்’. சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துத் தள்ளி, வெள்ளைக் கல் நட்டு, ஒரு போர் போட்டு, மேலே ஒரு டேங்க் வைத்திருந்தார்கள். தேன் கிடையாது. கடலும் கண்ணுக்குத் தெரியாது. போர் தண்ணீரை வாயில் வைத்தால் தெரியும்.

எங்கள் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் பத்திரம் கேட்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து ஒரு வாய் குடிப்பார்கள். துப்பிவிட்டால் வியாபாரம் முடிந்தது. கீழக்கரையிலிருந்து ஜமால் பாய் என்று ஒருவர், வளைகுடா வேலையை விட்டு ஊரோடு வந்தவர், இரண்டு பிளாட் பார்க்க வருவதாகச் சொன்னபோது முதலாளி என்னைத் தனியாக அழைத்தார்.

"போர் தண்ணியக் காட்டுனா எவன்டா வாங்குவான்? டேங்குல நல்ல தண்ணிய ஊத்தி வையி. லாரிக் காசை நீ போடு, கமிஷன் வரும்போது பாத்துக்கிருவோம்."

லாரிக்கு என்னிடம் ஏது காசு? ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு குடிநீர் ஊருணி இருந்தது. அது முத்துச்செல்வியின் ஊர் ஊருணி. (என் மூளையின் ஆழத்தைக் கவனியுங்கள்.) எட்டுக் குடம் வைக்கிற தள்ளுவண்டி ஒன்றை டீக்கடையில் இரவல் வாங்கி, முகம் தெரியாமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் பெண்கள் வரிசையில் போய் நின்றேன். மூன்று நடை, இருபத்து நான்கு குடம். ஒவ்வொன்றையும் ஏணியில் தூக்கி டேங்கில் ஊற்றி முடித்தபோது உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு சீனியராக நின்றேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜமால் பாய், மனைவி, நான்கு பிள்ளைகளோடு காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு டிவிஎஸ் வண்டி. கருப்பையா மாமா!

"தொழிலைக் கண்ணால பாத்துட்டா சந்தேகம் தீந்துரும்ல மாப்ள, அதான் வந்தேன்."

பாய் ஒரு வாய் குடித்தார். "மாஷா அல்லாஹ்! எளநி மாதிரில்ல இருக்கு!"

"இருநூறு அடியில இனிப்பு ஊத்து பாய். எவ்வளவு எடுத்தாலும் வத்தாது" என்று அடித்துவிட்டேன்.

மாமாவும் குடித்தார். இரண்டாவது வாயை மெதுவாகக் குடித்தார்.

"இந்தத் தண்ணிய எங்கயோ குடிச்ச மாதிரி இருக்கே மாப்ள?"

"நல்ல தண்ணின்னா எல்லாம் ஒரே ருசிதான் மாமா."

"ஓகோ" என்றார்.

பிள்ளைகள் குழாயடியில் குதியாட்டம் போட்டார்கள். பாய் குழாயில் முகம், கை, கால் கழுவி ஒளு செய்து, நிழலில் துண்டை விரித்துத் தொழுதார். நான் கார் பானட்டில் வரைபடத்தை விரித்து, எங்கே நாலு வழிச்சாலை வருகிறது, எங்கே விமான நிலையம் வருகிறது என்று மாமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பாயின் மனைவி காரிலிருந்து சின்ன அடுப்பையும் பால் பாத்திரத்தையும் எடுத்தார்.

"நாக்கை நம்பி நாலு எடத்துல ஏமாந்துட்டோம் தம்பி. பால்ல கலந்து காய்ச்சிப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"தாராளமாக் காய்ச்சுங்கம்மா" என்றேன். டேங்கில் இருப்பது ஊருணித் தண்ணீர். எனக்கென்ன பயம்?

திடீரென்று மோட்டார் ஓடுகிற சத்தம். பாய் சுவிட்சுப் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"கொழாயில நின்னு போச்சு தம்பி. அதான் மோட்டரைப் போட்டுட்டேன். வத்தாதுன்னு சொன்னீங்கள்ல!"

டேங்கில் இனி ஏறப்போவது பாலைத் திரிய வைக்கிற போர் உப்புத் தண்ணீர். நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அந்த அம்மா ஒரு செம்பு பிடித்து ஊற்றிவிட்டார். பால் ஒருமுறை பொங்கிப் பார்த்தது. அப்புறம் கட்டி கட்டியாகத் திரிந்து, ஓரத்தில் ஒதுங்கியது.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "பால் பழசா இருக்குமோ?" என்றேன்.

"காலையில எங்க வீட்டு மாட்டுல கறந்தது."

"மாட்டுக்கு உடம்பு சரியில்லையோ என்னமோம்மா..."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டைச் சொல்லாதீங்க தம்பி."

மாமா கிட்டே வந்தார். "மாடு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. மொதல்ல நீங்க குடிச்சது எங்க ஊருணித் தண்ணி. நாப்பது வருசமாக் குடிக்கிறவன், எனக்குத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, கையை நீட்டு" என்றார். நீட்டினேன். "எத்தனை குடம்?"

"இருபத்தி நாலு மாமா."

பாய் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கார் போனது. "எங்க ஊருத் தண்ணிய எடுத்து எங்க கண்ணு முன்னாலயே விக்கிறியா? ஒனக்குப் பொண்ணு இல்ல, போ" என்று மாமாவும் போனார். நான் திரிந்த பாலைப் போல ஓரமாக உட்கார்ந்திருந்தேன். செத்துவிடலாம் போலிருந்தது.

நான்காம் நாள் மாமாவிடமிருந்து போன். வேண்டாவெறுப்பாக வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். முத்துச்செல்வி உள்ளேயிருந்து வந்து, எல்லார் முன்னாலும் நின்று பேசினாள்.

"அன்னைக்கு வரிசையில இவருக்குப் பின்னால நின்னது நான்தான். துண்டைச் சுத்துனா ஆளு தெரியாதா? குடத்தைக் கழுவிக் கழுவித் தண்ணி மோந்தாரு. கொண்டுபோய் என்ன கூத்து அடிச்சாரோ, அது வேற. தண்ணி எடுக்குற ஆம்பளைய இந்த ஊருல நான் பாத்ததே இல்ல. கட்டுனா இவரைத்தான் கட்டுவேன்."

மாமா ஒரே நிபந்தனை போட்டார்: தொழிலை விட வேண்டும். அன்றே விட்டேன். இப்போது பைப்பும் டேங்கும் விற்கிற கடையில் மாதச் சம்பளம். தேன்கடல் நகர் பிளாட்டுகளை முதலாளி முழுக்க விற்றுத் தீர்த்து, பெரிய கார் வாங்கிவிட்டார். வாங்கியவர்கள் வெளியூரிலிருந்து போனில் படம் பார்த்துப் பணம் அனுப்பியவர்கள். ஒருவரும் வந்து குழாயைத் திறக்கவில்லை. இன்று அங்கே போனால் கருவேலம்தான் ஆளுயரம் நிற்கிறது.

சம்பாத்தியத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? கமிஷன் ஒரு பைசா வரவில்லை. ஆனால் கல்யாணத்தன்று கருப்பையா மாமா, தாய்மாமன் சீராக, மாலை போட்டு, மேளம் கொட்டி, தெருவழியே ஒரு பொருளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எட்டுக் குடம் வைக்கிற புத்தம்புதுத் தள்ளுவண்டி. நீலப் பெயின்ட். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் கொட்டையாக எழுதியிருந்தது: ‘சீனியர் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’.

இன்றும் தினமும் காலையில் ஊருணிக்கு அதைத்தான் தள்ளுகிறேன். நீலம் எல்லாம் உதிர்ந்து துரு ஏறிவிட்டது. எழுத்தை மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் மாமா பிரஷ்ஷோடு வந்து புதுப்பித்துவிட்டுப் போகிறார்.