பத்து வரை எண்ணுங்கள்

பிஸ்கட் டப்பாவின் மூடியை மெக்கானிக் உள்ளங்கையால் ஓங்கி இன்னும் ஒரு அடி அடித்து இறுக்கினார். பழுதான லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிப் பழகிய கை. பிறகு டப்பாவை மகளிடம் நீட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு...

எல்லாம் பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்ன வழிதான். குட்டிக்கு ஐந்து வயது. நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். பதில்தான் ஒற்றைச் சொல்லைத் தாண்டாது, பல சமயம் அதுவும் வராது. தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்டால்தான் அடுத்த மாதம் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க ரொம்ப வேகம் சார்," என்றிருந்தார் டீச்சர். "அவ கையைக் காட்டுறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுறீங்க. அப்புறம் அவ எதுக்குப் பேசணும்? தெரியாத மாதிரி நடிங்க. எதையாவது தப்பாச் செய்ங்க. பத்து எண்ணுங்க. அவளே கேப்பா."

எட்டு எண்ணும்போது குட்டி எழுந்து போனாள். சமையலறையிலிருந்து ஸ்பூனைக் கொண்டுவந்து மூடியின் ஓரத்தில் நெம்பினாள். டப்பென்று திறந்தது. முதல் பிஸ்கட்டை அப்பாவின் வாயில் வைத்தாள்.

மெக்கானிக் திருதிருவென விழித்தார். பிஸ்கட்டோடு கேள்வி கேட்கவும் முடியவில்லை.

மறுநாள் வெறும் டம்ளரை நீட்டி, "இந்தா, பால் குடி," என்றார்.

குட்டி டம்ளருக்குள் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய், பால் பாத்திரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அதற்கடுத்த நாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, அவளுடைய குட்டி ஷூவைத் தன் பெருவிரலில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். குட்டி ஷூவைக் கழற்றினாள். அவருடைய ஷூவை இழுத்துவந்து வைத்தாள். சட்டையைத் திருப்பிப் போடவைத்து, எக்கி எக்கிப் பட்டனெல்லாம் மாட்டிவிட்டு, கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். வாயிலிருந்து ஒரு சொல் உதிரவில்லை.

அந்த வாரக் கடைசியில், டூட்டி முடிந்து வந்த நர்ஸ் மனைவிக்கு இந்தப் பாடத்திட்டம் எதுவும் தெரியாது.

"ஒரு காபி குடுங்களேன், தலை வெடிக்குது."

பழக்க தோஷத்தில் வெறும் கப்பை நீட்டிவிட்டு, மெக்கானிக் கண்ணை அகல விரித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார்.

"என்னங்க இது?"

நாலு, ஐந்து...

"ஏங்க! என்ன ஆச்சு? எங்க, நாக்கை நீட்டுங்க!"

குட்டி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு வார நடிப்பும் பாழ். மெக்கானிக் நாக்கை நீட்டினார்.

பி.பி. பார்த்தாள் மனைவி. நிஜமாகவே ஏறியிருந்தது. உடனே அவருடைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "அவருக்கு எதுவும் சரியா விளங்க மாட்டேங்குதுங்க," என்று அழாத குறையாகச் சொன்னாள். லிஃப்ட் பக்கமே வர வேண்டாம், வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று உத்தரவு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அடுத்த வகுப்பில், குட்டியைச் சின்ன நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மெக்கானிக் டீச்சரை ஜன்னலோரம் ஒதுக்கி அழைத்துப்போனார்.

"நான் பண்ணாத கோமாளித்தனம் பாக்கி இல்ல டீச்சர். பொண்டாட்டி பி.பி. பாக்குறா, ஆபீஸ்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இவ மட்டும் ஒண்ணுமே கேக்கல." அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்கு டீச்சர். இவ கேக்கவே மாட்டாளா?"

"இப்படி ஆகாதே," என்று டீச்சரும் குழம்பிப்போய் நோட்டைப் புரட்டினார். "எத்தனை வரை எண்ணினீங்க?"

"பத்து. ஒரு தடவை நூறு."

திரும்பிப் பார்த்தால் சின்ன நாற்காலி காலி. இருவரும் பதறிக்கொண்டு கதவைத் திறந்தார்கள். வெளியே, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வரவேற்பில் சீட்டு எழுதிக் கொடுக்கும் பெண்மணி ஒரு கையில் பேனாவும் மறு கையில் குட்டியுமாக நின்றிருந்தார்.

"சார், உங்க வயசு என்ன, சீட்டுல எழுதணும். பாப்பா தானா வந்து கேட்டுச்சு, 'அப்பா பாவம்... ஒண்ணும் தெரியல... அப்பாக்கு சீட்டு குடு'ன்னு."