எர்த்து அண்ணன் சொல்லாமல் விட்ட ஒரே எர்த்து

லிட்டில் அந்தமானில் எது ஓடாமல் நின்றாலும் ஒரே வார்த்தையில் அதற்கு வைத்தியம் சொல்லிவிடும் மனிதர் ஒருவர் இருந்தார். அந்த வார்த்தை "எர்த்து", அதாவது கரண்டைத் தரையோடோ இரும்புச் சட்டத்தோடோ சேர்க்கும் வயர். மின்விசிறி சுற்றவில்லையா? எர்த்து சரியில்லை. ஜெனரேட்டர் இருமுகிறதா? எர்த்து. கப்பல் நான்கு நாள் தாமதமானபோதுகூட, "எர்த்து எங்க கெடைக்கும் தம்பி? சுத்தி தண்ணி தானே!" என்றார். அவருடைய இயற்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எங்கள் ஊரான ஹட் பே முழுக்க அவர் எர்த்து அண்ணன்தான்.

சிறுவயதில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மெக்கானிக் ஆனவர். சுனாமிக்குப் பிறகு தோட்ட வேலையும் படுத்துவிட, ஊரில் உள்ள எல்லா இயந்திரங்களுக்கும் தன்னைத்தானே பொறுப்பாளராக நியமித்துக்கொண்டார்.

நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசின் பின்புறம் ஒரு ஏடிவி கிடந்தது. மணலிலும் சேற்றிலும் ஓடுகிற, நாலு சக்கர பைக். நிவாரண வேலைக்கு வந்தவர்கள் ஓட்டித் தீர்த்துவிட்டு எங்கள் தலையில் கட்டிப் போனது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது.

அதே சமயத்தில் எங்கள் ஊர் நர்ஸ், தூத்துக்குடிக்காரர், சாலையைக் கடல் தின்றுவிட்டதால் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த குடியிருப்புக்கு மணலில் நடந்தே போய் வந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. இதைக் கண்ட அண்ணன் நேரே எங்கள் அதிகாரியிடம் போய் நின்றார்.

"சாப், வண்டிய குடுங்க. சிஸ்டர் இனிமே நடக்க வேணாம். பக்கா ஓடும்."

வெள்ளிக்கிழமை கப்பலில் அதைப் பழைய இரும்போடு ஏற்றிவிடப் போவதாகவும், அதற்குள் ஓடினால் நர்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதிகாரி சொல்லிவிட்டார்.

தீவில் இரும்பு கையில் கிடைத்தால் முதல் காரியம் பெயிண்ட் அடிப்பது. உப்புக்காற்று அப்படி. அண்ணனும் எலியைக் குடிகிளப்பிவிட்டு, வயர்களையும் கழற்றி வைத்துவிட்டு, சட்டம் முழுக்க வெள்ளிப் பெயிண்ட் பூசினார். அப்புறம்தான் பேட்டரி போட்டார். இன்ஜின் உறுமியது. ஊரே கைதட்டியது. கியர்தான் விழவில்லை.

அந்த வண்டியில் காலால் கியர் போட முடியாது. கைப்பிடியில் பட்டனை அழுத்தினால் ஒரு மோட்டார் கியரை மாற்றும். அண்ணன் அழுத்தினார். 'க்ளிக்' என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி 'க்ளிக்'. வண்டி நியூட்ரலிலேயே நின்றது.

"என்னண்ணே, எர்த்தா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரே தம்பி, இது கம்ப்யூட்டர் வண்டி. இதுகிட்ட போய் எர்த்துன்னா வண்டிக்கே மானக்கேடு."

மூன்று நாள். பட்டனைப் பிரித்தார், நன்றாக இருந்தது. மோட்டாரைக் கழற்றி நேரே பேட்டரியில் வைத்தார், ஜோராகச் சுற்றியது. வண்டியில் மாட்டினால் 'க்ளிக்'. வெள்ளிக்கிழமையும் வந்தது. நல்லவேளை, கடல் சரியில்லை, கப்பல் திங்கட்கிழமைதான் என்றார்கள். கப்பல் தாமதத்துக்காக நான் சாமி கும்பிட்டது அந்த ஒரு முறைதான்.

ஞாயிறு காலை நர்ஸ் வந்து, வீங்கிய காலை ஒரு பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்தார். "ஏண்ணே, எங்க வீட்டு மிக்சிக்கெல்லாம் எர்த்து பாத்தீயளே, இதுக்குப் பாக்கலியா?"

அண்ணன் குனிந்து, கியர் மோட்டாரின் கறுப்பு வயரைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றினார். அதன் அடியில் பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். அவரே, அவ்வளவு அக்கறையாக அடித்த பெயிண்ட்! அதுதான் கரண்டை மறித்துக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை முடுக்கி, பட்டனை அழுத்தினார். 'டக்'கென்று கியர் விழுந்தது.

"நான் மொதல்லயே சொன்னேனே, எர்த்துன்னு" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நாங்கள் இருவரும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை இரும்பு ஏற்ற ஆட்களோடு அதிகாரி வந்தபோது ஆபீசின் பின்புறம் காலியாக இருந்தது. அண்ணன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "வண்டி டியூட்டிக்குப் போயிருக்கு சாப்."

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். வீட்டில் எது நின்றாலும் முதலில் எர்த்தைத்தான் சுரண்டிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது எர்த்தாக இருப்பதில்லை. எனக்கும் அது தெரியும். ஆனாலும், அப்படிச் சுரண்டி அண்ணனை ஒரு வார்த்தை கேட்டதாக எண்ணிக்கொள்ளாமல் மெக்கானிக்கைக் கூப்பிட எனக்கு மனசு வருவதில்லை.