கம்பத்தில் ஒட்டிய பெயர்

கிப்செலிப் பகுதியில் ரொட்டி வாங்கப் போன பேராசிரியர் லாம்ப்ரோஸ் கூவெலிஸ், மின்கம்பத்தில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பில் தன் பெயரைப் படித்தார். கறுப்புச் சிலுவை, முழுப் பெயர், இன்று பதினொரு மணிக்கு அந்தப் பகுதிக் கோயிலில் அடக்க ஆராதனை. அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் மறைத்து யாரோ வாடகை வீட்டு விளம்பரத்தை அப்பியிருந்தார்கள்.

கடைக்கார ஃபோதினி அவரைக் கண்டதும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ வாத்தியாரே! உங்களுக்காக இப்பதானே அழுது முடிச்சேன்!"

"நான் இல்லம்மா. எங்க பெரியப்பா மகனுக்கும் இதே பேருதான். டாக்ஸி ஓட்டறார்." சொன்ன பிறகுதான், அப்படியானால் செத்தது அண்ணன் என்று அவருக்கு உறைத்தது.

உட்கார்ந்து அழவும் நேரமில்லை. நண்பகலில் பல்கலைக்கழகத் தேர்வுக் குழு முன் அவர் உரையாற்ற வேண்டும். பண்டைக் காவியத்தில் மாண்டவர்களுக்குச் செய்த மரியாதைகள் பற்றிய உரை. வருஷக்கணக்காகக் காத்திருந்த தலைமைப் பேராசிரியர் பதவி அதில்தான் தொங்கியது. தயாரிப்புக்கு இடைஞ்சல் என்று செல்போனைக்கூட அணைத்துப் பெட்டியில் போட்டிருந்தார்.

துறையில் இருப்பவர்களும் இந்தக் கம்பத்தைப் பார்த்திருந்தால்? ஃபோதினியின் போனை வாங்கி அலுவலகத்தை அழைத்தார்.

"வணக்கம், நான் லாம்ப்ரோஸ் கூவெலிஸ்..."

மறுமுனையில் ஓர் அலறல். ஏதோ விழுந்து உடைந்தது. திரும்ப அழைத்தால் துறைத்தலைவர் எடுத்தார்.

"செத்தவர் பேர்ல யாருய்யா விளையாடறது? இரங்கல் செய்தியே அனுப்பியாச்சு!"

"சத்தியமா நான்தான் சார்!"

"அப்ப பன்னிரண்டுக்குள்ள உயிரோட வந்து நில்லுங்க. இல்லேன்னா பதவி அடுத்தவருக்கு."

ஓடிப்போய் ஒரு டாக்ஸியை நிறுத்தினார். கறுப்புக் கோட்டும், பக்கத்தில் மலர்வளையமுமாக உள்ளே இருந்தவர் பெரியப்பா மகன். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"டேய்! நீ செத்துட்டேடா!"

"நீங்கதானேண்ணே செத்தீங்க!"

"நாலு நாளா போன் எடுக்காதவன் வேற எங்க போயிருப்பான்?"

திருஷ்டி கழிய மூன்று முறை துப்பிவிட்டு, கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை எப்போது சிரிப்பானது என்று இருவருக்குமே தெரியவில்லை. பேராசிரியர் பன்னிரண்டு மணிக் கெடுவைச் சொன்னார்.

"யாரோ நம்ம பேர்க்காரன் போலிருக்கு. ஏறு, காலேஜ்ல விட்டுடறேன்."

பேராசிரியர் மலர்வளையத்தைப் பார்த்தார். அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

"கோயிலுக்கே போங்கண்ணே. யாரா இருந்தா என்ன? ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவோம்."

"உன் பதவி?"

"போனாப் போகுது. ஆண்டவர் இன்னிக்கு உங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கார்."

கோயில் வாசலில் ஒரு கூட்டமும் இல்லை. பாதிரியார் யெராசிமோஸ் மட்டும் தெருவைப் பார்த்தபடி தனியே நின்றார். அண்ணன் வண்டியிலிருந்தே சிரித்துக்கொண்டு கூவினார்:

"சாமி! நாங்க ரெண்டு பேருமே உயிரோடதான் இருக்கோம்!"

பாதிரியார் சிரிக்கவில்லை.

"தெரியும்ப்பா. முதியோர் இல்லத்துல கிடந்த, உங்க ரெண்டு பேருக்கும் பேரைக் கொடுத்த தாத்தாதான் உள்ளே இருக்கார். பெட்டியைத் தூக்க யாராவது வருவாங்களான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."