பகுதி நேரச் சமத்துவம்

சமத்துவத்தைப் பகுதி நேரமாகக் கடைப்பிடித்து, அதற்குச் சம்பளமும் வாங்கியவள் நான். வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை. மற்ற நேரங்களில் எப்படி இருந்தேன் என்பதைத்தான் இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் காலை நேரம் மட்டும் பில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கம்பெனி வேலைக்காக வெளி மாநிலங்களிலிருந்து வருபவர்களை முகத்தையும் மொழியையும் வைத்து ஒதுக்குகிறார்கள் அல்லவா, அதற்கு எதிராக வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. அங்கே உள்ளூர் இளைஞர்களுக்குப் பகுதி நேர ஃபெலோஷிப் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. ஃபெலோஷிப் என்றால் என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாது. அம்மா தெருவில் நின்று, "எங்க கவிதாவுக்கு பெல்லோசிப் வந்திருக்கு" என்று சொல்ல, எதிர்வீட்டு அக்கா பதறிப்போய், "அய்யோ, எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்க?" என்று கேட்டாராம்.

முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதன் முடிவில் ஒரு கூட்டம் போட்டு, நாங்கள் செய்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சு தேறினால் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பார்கள். அந்த நீட்டிப்பு எனக்குக் கட்டாயம் வேண்டும். ஏனென்றால், வேலை இல்லாவிட்டால் வரன் பார்க்கலாம் என்று அப்பா ஏற்கெனவே தரகரிடம் பேசி வைத்திருந்தார்.

முதல் நாள் அலுவலகத்துக்குப் போனபோது எனக்கு முன்னாலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்னக் கண்கள், அகலமான கன்னங்கள். வடகிழக்கிலிருந்து வந்து கஷ்டப்படும் தொழிலாளி என்று ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டேன். (சமத்துவ நிறுவனத்தில் சேர்ந்து மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருந்தது.) எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வாக்கியத்தை, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வொரு வாயாக ஊட்டினேன்.

"ஆப்... கா... நாம்... க்யா... ஹை?"

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "மெதுவா பேசத் தேவையில்லக்கா, காது நல்லாத்தான் கேக்குது. என் பேரு ஜோனாலி. நானும் ஃபெலோதான். மூக்கண்டப்பள்ளி கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சேன். தமிழ்ல தொண்ணூத்தாறு."

எனக்கு எழுபத்தொன்று.

ஜோனாலியின் அப்பா அசாமிலிருந்து இங்கே ஒரு கம்பெனிக்குக் காவலாளியாக வந்தபோது அவளுக்கு மூன்று வயது. அவள் தமிழில் கோபப்படுவாள், கன்னடத்தில் காய்கறி வாங்குவாள், தெலுங்கில் ஆட்டோக்காரர்களுடன் பேரம் பேசுவாள். எங்கள் இருவருக்கும் ஒரே வேலைதான். வீட்டு உரிமையாளர்களைப் பார்த்து, வெளி மாநிலத்தவருக்கு ஏன் வீடு தருவதில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். 'கேட்டு எழுதிக்கொண்டு' என்பதைத் திலகா மேடம் மூன்று தடவை அழுத்திச் சொன்னார். அவர்தான் அங்கே பொறுப்பாளர். ஜோனாலி கேட்டாள், எழுதினாள். நான் உபதேசம் செய்தேன்.

கோவிந்தப்பா என்று ஒருவர், ஆறு போர்ஷன் வைத்திருந்தவர், என்னிடம் சிக்கிக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமில்லை. "மனுசனுக்கு மனுசன் வித்தியாசம் பாக்கலாமா சார்?" என்று அவர் வாசலில் நின்று முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். வெளியே வந்து ஜோனாலியிடம் அர்த்தம் கேட்டேன். "நல்லா பேசுறீங்கன்னு சொன்னாருக்கா" என்றாள். அவள் பொய் சொன்னது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் வீடும் மூக்கண்டப்பள்ளிதான். அப்பாவும் அம்மாவும் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பதினெட்டு வருடம் வாடகைக்கு இருந்து, பிறகு கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒரு போர்ஷன். ஜோனாலி இரண்டு மூன்று தடவை, "ஒரு நாள் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள். அம்மா ஏதாவது ஏடாகூடமாகக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், "வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். (மூன்று மாதமாகப் பெயிண்ட் அடிக்க அது என்ன மேம்பாலமா?)

கூட்ட நாள் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைப் பிடித்திருந்தார்கள். நாங்கள் பார்த்த உரிமையாளர்கள், கம்பெனித் தொழிலாளர்கள், எங்கள் குடும்பத்தினர் என்று நூறு பேருக்கு மேல். கோவிந்தப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அம்மா மூன்றாவது வரிசையில், பட்டுப்புடவையில், எதிர்வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பேசுவது நான், திரையில் படம் போடுவது ஜோனாலி. இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய அக்காவுக்கு வீடு தேடி அலைந்தபோது கண்ணில் பட்ட வாடகை அறிவிப்பு அட்டைகளையெல்லாம் அவள் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். "ஒரு தடவை படத்தைப் பாத்துக்கோங்கக்கா" என்று முந்தின நாள் கெஞ்சினாள். "படத்தைப் பார்த்தால் சபையைப் பார்க்க முடியாது. பேச்சாளர் சபையைத்தான் பார்க்க வேண்டும்" என்று மறுத்துவிட்டேன். கண்ணாடி முன் பயிற்சி எடுத்தவளுக்கு யார் சொல்லி என்ன?

திரைக்கு முதுகைக் காட்டி நின்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. நாலைந்து இடங்களில் கைதட்டல்கூட வந்தது. கடைசிப் படம் வந்ததும் சபையில் ஒரு சலசலப்பு. என் பேச்சின் தாக்கம் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். திரும்பாமலே பின்பக்கம் கையை நீட்டினேன்.

"இதைப் பாருங்கள்! இதை எழுதிய கை எப்படிப்பட்ட கை? அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இந்த ஹாலில் இருந்தால், எழுந்து நின்று பதில் சொல்லட்டும்!"

மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்து நின்றார். கோபமாக அல்ல, வாயெல்லாம் சிரிப்பாக. சொந்தப் பெண்ணின் பெயர் பேப்பரில் வந்ததைக் கண்டவர்போல.

"ஏ புள்ள, அது நம்ம வீட்டு கேட்டுடி! நீதான எழுதுன!"

திரும்பினேன். எங்கள் வீட்டு நீல கேட். அதில் கம்பியால் கட்டிய காலண்டர் அட்டை. 'மாடியில் வீடு வாடகைக்கு. தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும். இந்திக்காரர்களுக்குக் கிடையாது.' என்னுடைய 'ழ'வேதான், வாலைச் சுழித்துக்கொண்டு. அம்மா சொல்லச் சொல்லக் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதி, அன்றே மறந்துபோனது. அந்த அவசரத்திலும் நான்கு மூலைகளிலும் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்திருந்தேன்.

கோவிந்தப்பா கட்டிய கைகளை அவிழ்த்தார்.

"யம்மா," என்றார் மிக மரியாதையாக, "முக்கா மணி நேரம் நின்னு கேட்டேனேம்மா. ஒங்க வீட்ல ஒரு அஞ்சு நிமிசம் பேசிட்டு வந்திருக்கலாமே?"

ஹால் வெடித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர், நானும் ஜோனாலியும். அவள் கம்ப்யூட்டரிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். நான் கொடுத்தேனா, விழ இருந்ததை அவள் பிடித்தாளா என்று நினைவில்லை.

"போட்டோ நான் எடுத்ததுதான். யாரு வீடுன்னு இப்பத்தான் எனக்கும் தெரியும்" என்றாள். "அன்னிக்கு நானும் எங்க அக்காவும் காலையிலருந்து நடந்திருந்தோம். தூரத்துல பாத்தா போர்டுல பூ இருந்துச்சு. நல்லவங்களா இருப்பாங்கன்னு நெனச்சிட்டு, வேகமா கிட்ட போய்ப் படிச்சோம்."

அவ்வளவுதான் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. மேடை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பாழாய்ப்போன கிரானைட் தரை.

அம்மா விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். மைக் இருப்பதே தெரியாமல் ஜோனாலியிடம் பேசினார். அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏம்மா, பெல் அடிச்சியா?"

"இல்லீங்க. அதான் போர்டுலயே போட்டிருந்துச்சே."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அடிச்சிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லிருப்பேன்" என்றார். "பக்கத்து வீட்ல அப்படிப் போட்டாங்க, நானும் போடச் சொன்னேன். எங்களயும்தான் அப்ப, ஊத்தங்கரை ஆளு, தண்ணி நெறைய செலவு பண்ணுவாங்கன்னு எத்தன பேரு வெரட்டுனாங்க! எனக்கு எப்படி மறந்துச்சுன்னு தெரியல." பிறகு சட்டென்று, "மாடி இப்ப காலியாத்தான் கெடக்கு. உங்க அக்காவக் கூட்டிட்டு வா, வந்து பாக்கட்டும்" என்றார்.

அப்படியே கோவிந்தப்பா பக்கம் திரும்பினார். "நான் குடுத்துட்டேன். உங்களுது ஆறு இருக்கே, என்னா சொல்றீங்க?"

"யோசிச்சு சொல்றேம்மா" என்றார் அவர். இரண்டு வாரம் கழித்து ஒன்றைக் கொடுத்தார். மீதி ஐந்தைப் பற்றி இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஜோனாலி தேடிக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. முக்கால் மணி நேரம் பேசுகிறவளுக்கு!

"அக்கா," என்றாள், "பெயிண்ட் காஞ்சிடுச்சா?"

அழுதுவிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு இடம் மாற்றிக்கொண்டு, அவள் அழ நான் முழித்தேன். ஒரு வழியாக ஒரே டம்ளரில் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். அவள் எங்கள் கேட்டில் பெல் அடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

ஃபெலோஷிப்பை நீட்டித்தார்கள். ஆனால் பேசும் வேலை அம்மாவுக்குப் போய்விட்டது. வீட்டு உரிமையாளர்களிடம் உரிமையாளரே பேசினால்தான் எடுபடும் என்று திலகா மேடம் கண்டுபிடித்துவிட்டார். அம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அட்டையில் பூக்களின் எண்ணிக்கை கூடுகிறது. போன மாதம் பன்னிரண்டில் நின்றது.

ஜோனாலியின் அக்காவும் மாமாவும் இன்னும் எங்கள் மாடியில்தான் இருக்கிறார்கள். மோட்டார் சுவிட்சை யார் அணைப்பது என்று அம்மாவுக்கும் அவர்களுக்கும் வாரம் ஒரு சண்டை நடக்கும். மாலையில் அவர்கள் வீட்டு மூங்கில் குருத்துக் குழம்பு கீழே வரும், எங்கள் களி மேலே போகும். அவர்களுடைய மகள் மைனாவுக்கு இப்போது ஐந்து வயது. போன வாரம் தமிழ்க் கோடு நோட்டுடன் படியில் உட்கார்ந்து 'ழ' வராமல் திணறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "குடு கண்ணு, அத்தை அழகா எழுதிக் காட்டுறேன்" என்று கையை நீட்டினேன்.

குழந்தை நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"வேணாம் அத்தை. நீங்க எழுதுனா யாருக்கும் வீடு கெடைக்காதாம், கீழ்வீட்டு ஆயா சொன்னாங்க."