கார்முகில் அடிகளின் சிவப்புப் பஞ்சு

மந்தாரக்குப்பம் கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் நானூறு ஜோடிச் செருப்பு. நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள், ஷிப்டுக்கே போகாமல் வந்தவர்கள், வடலூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். பெர்மனென்ட் குடும்பங்களுக்கு நாற்காலி, கான்ட்ராக்ட் குடும்பங்களுக்குத் தரை. தோஷம் மட்டும் எல்லோருக்கும் பொது.

மேடையில் கார்முகில் அடிகள். பெயரில்தான் கருமை, முகத்தில் அரை டப்பா பவுடர்.

"மஞ்சளுக்கு நிறத்தைக் கொடுத்தவள் அம்பாள். அந்த நிறத்துக்குள் ஆன்டி-ஆக்சிடன்டாகக் குடியிருப்பவளும் அவளே. ஆன்டி-ஆக்சிடன்ட் என்பது அவளுடைய ஆங்கிலப் பெயர்" என்றார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆங்கிலத்தில் வந்தால் அம்பாளுக்கும் மரியாதை கூடுதல்.

வைத்தியம் எளிது. மஞ்சள் களிம்பைக் கன்னத்தில் பூசுவார். கண்ணை மூடி முணுமுணுப்பார். தீர்த்தத்தில் நனைத்த பஞ்சால் துடைப்பார். பஞ்சு இரத்தமாய்ச் சிவந்து வரும். நிலக்கரித் தூசியோடு உள்ளே இறங்கிய கண்ணேறு அப்படி வெளியேறுகிறதாம். இதுவரை ஒருவருக்கும் சிவக்காமல் இருந்ததில்லை. அதுவே பெருமையாகப் பேசப்பட்டது.

அன்புக்கரசிக்கு இது மூன்றாவது வாரம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் கூட்டும் கான்ட்ராக்ட் வேலை. கன்னத்தில் கருந்திட்டாய் மங்கு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தார் அடிகள், போட்டுவிட்டாள். இப்போது கன்னம் தோலுரிந்து புண்ணாகியிருந்தது.

"எரியுதுங்க சாமி."

"பாவம் எரிகிறது. பொறுத்துக்கொள்."

பக்கத்தில் நின்ற அக்கா தனகோட்டிக்குப் பொறுக்கவில்லை. விருந்தினர் விடுதி ஒன்றில் துணி வெளுக்கிறவள் அவள். தீர்த்தச் சொம்பில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது.

"சாமி, அந்தக் களிம்ப உங்க கன்னத்துல கொஞ்சம் பூசிக்கிங்க. பாக்கலாம்."

"நான் தோஷமற்றவன், அம்மா."

"அப்ப செவக்காது இல்லிங்களா? பயந்துகினு நிக்கிறீங்களே."

அடிகள் ஓரடி பின்வாங்கினார். தனகோட்டி அவரை விட்டுவிட்டாள். பின்னால் தொங்கிய பேனரில் ஆறடி உயரத்துக்கு அவரே சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பின் கன்னத்தில் களிம்பைத் தடவி, தீர்த்தப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு சிவந்தது.

"பேனருக்கு யாருங்க கண்ணு வச்சது?"

அவள் குழாய்த் தண்ணீரில் இன்னொரு பஞ்சை நனைத்து, தன் கையில் பூசிய களிம்பைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாகவே வந்தது.

"சாப்பாட்டு மேசைத் துணில சாம்பார் கொட்டினா மஞ்சக் கறை. சோப்புல போட்டா அதுவே செவக்கும். உங்க வூட்ல நீங்க யாரும் பாத்ததில்லயா? இந்தத் தீர்த்தம் சலவை சோடா கரைச்ச தண்ணி. தெனம் கை வைக்கிற எனக்குத் தெரியாதா? அதான் இவ கன்னம் வெந்துகினு இருக்குது."

"மூடப் பெண்ணே, ஆன்டி-ஆக்சிடன்ட்டை நிந்திக்காதே."

"மஞ்சள்ல அது இருக்குதுன்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும்தான் சொன்னாங்க. இருந்துட்டுப் போவட்டும். அது தோஷத்த எடுக்கும்னு அவங்க சொல்லலீங்க."

எல்லோரும் முதல் வரிசையைப் பார்த்தார்கள். அங்கே சிங்காரவேல் வாத்தியார் இருந்தார். முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். அன்று இரண்டு கன்னத்திலும் களிம்பு.

"சோடா மாதிரி காரம் பட்டா மஞ்சள் சிவக்கும். எட்டாம் வகுப்புப் பாடம்தான்" என்றார் மெதுவாக.

"அப்புறம் ஏன் சார் வந்து குந்திகினீங்க?"

"எனக்கு எல்லாரையும் விட ரொம்ப சிவப்பா வந்துச்சும்மா. பயமாயிடுச்சு."

இந்தப் பேச்சில் அடிகளை மறந்துவிட்டார்கள். நினைவு வந்தபோது அவர் பந்திக்கூடம் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தார். வாசலில் வேன் டிரைவர்கள் மறித்துப் பிடித்தார்கள். போலீஸ் வரும்வரை உட்கார வைத்தார்கள். பெர்மனென்ட் நாற்காலியில் அல்ல, தரையில். வியர்வையில் பவுடர் வழிந்து, பெயருக்கேற்ற நிறம் தெரிந்தது.

தனகோட்டி தங்கையின் கன்னத்தை நல்ல தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். புண் ஆற இரண்டு மாதம் ஆகுமாம்.

காற்றுப் பட்டு ஒரு பொருள் கெட்டுப்போவதைத் தாமதப்படுத்துவதுதான் ஆன்டி-ஆக்சிடன்டின் வேலை. செடிகளின் நிறத்தில் அது உண்டு. தோலுக்கு எவ்வளவு உதவும் என்பதை ஆராய்கிறவர்கள் சொல்லட்டும். மூளை கெட்டுப்போவதைத் தடுக்க எந்தக் களிம்பும் இல்லை. மூளையைத் தினமும் எடுத்துக் கொஞ்சம் உபயோகிக்க வேண்டும், அவ்வளவுதான்.