பழமற்ற ஊரும் மேற்படி கரடியும்

"உங்க மரத்துல மொத்தம் எத்தனை பழம்மா?" என்று கமாதா கேட்டபோது ஃபுசாயேவால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டு முற்றத்தில் நிற்கும் காக்கி என்ற பழமரத்தோடு அவள் முப்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். மனிதர்களிடம் வராத பேச்செல்லாம் அதனிடம் மட்டும் கொட்டும். ஆனால் ஒரு நாளும் அதன் பழங்களை எண்ணியதில்லை. சிநேகிதியின் பல்லை யாராவது எண்ணுவார்களா?

கமாதா எண்ணுவார். உலகம் தோன்றிய நாள்முதல் மனிதன் கரடியை நெருப்பாலும் நாயாலும் துப்பாக்கியாலும் எதிர்த்து வந்திருக்கிறான். படிவத்தால் எதிர்த்த முதல் மாமனிதர், ஷிமோதைரா ஊராட்சியின் கரடித் தடுப்புப் பிரிவுத் தலைவரான அவர்தான். வரலாறு அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை இன்னும் செய்யவில்லை. அதற்கும் ஒரு படிவம் இருப்பதாகக் கேள்வி.

அந்த வருடம் மலையில் ஓக் மரங்கள் காய்க்கவில்லை. கரடிகள் பசியோடு கீழே பார்த்தன. கீழே வீட்டுக்கு வீடு காக்கி மரம், இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முழுக்கத் தக்காளி அளவில் ஆரஞ்சு விளக்குகள். பழங்களைப் பறிக்க வேண்டிய பிள்ளைகள் டோக்கியோவில் இருந்தார்கள். கரடிகள் உள்ளூரிலேயே இருந்தன.

முதலில் வந்தது மார்பில் வெள்ளைப் பிறை போட்ட ஒரு கரடி. ஃபுசாயேவின் பக்கத்து வீட்டுத் தோமிகோ அக்காவின் மரத்தில் காலை ஒன்பது மணிக்கு ஏறி உட்கார்ந்தது. ஊராட்சியின் ஒலிபெருக்கி மிக இனிமையான குரலில், கரடி வந்திருப்பதால் பொதுமக்கள் தயவுசெய்து கவனமாக இருக்கும்படி மூன்று முறை கேட்டுக்கொண்டது. வேட்டைக்காரர் சங்கத்தின் இளைஞரணித் தலைவர் ஜின்பெய் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. வீடுகளுக்கு நடுவே சுட வேண்டுமானால் அனுமதிப் படிவத்தில் ஏழு முத்திரைகள் விழ வேண்டும். ஏழாவது முத்திரை விழுந்தபோது கரடி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, இறங்கிப் போயிருந்தது.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல சார். அதுக்குத்தான் வேற வேலை இருந்துச்சு போல" என்றார் ஜின்பெய்.

கமாதா சிரிக்கவில்லை. அன்றே ஆணை எண் பதினேழு பிறந்தது. பிரிவு ஒன்று: பத்து நாளில் ஊரிலுள்ள எல்லாப் பழங்களையும் பறித்துவிட வேண்டும், காய வைக்கிறேன் என்று கூரையடியில் தொங்கவிடவும் கூடாது. பிரிவு இரண்டு: மீறி ஓர் இடத்தில் கரடி வந்து தின்றால், அதை அங்கே ஈர்த்தது எதுவோ, அது மூன்று நாளில் வேரோடு அகற்றப்படும், இதில் யாருக்கும், எதற்கும் விலக்கு இல்லை. அந்தக் கடைசி வரியைத் தானே எழுதியதாகக் கமாதா வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனார். சட்டம் தன் கடமையைச் செய்யும் என்றார்.

ஃபுசாயே இரண்டு நாள் ஏணியில் நின்று நானூற்றுப் பன்னிரண்டு பழங்களைப் பறித்தாள். உச்சிக் கிளையில் ஒன்றை மட்டும் விட்டாள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள். கொடுத்த மரத்துக்கு ஒரு பழம் திரும்பப் போக வேண்டும்.

கமாதா தொலைநோக்கியில் அதைக் கண்டுபிடித்தார். "அது என்னம்மா மேல?"

"மரத்துக்கு விட்டது சார்."

"மரம் பழம் திங்குமா?"

ஃபுசாயே தரையைப் பார்த்தாள்.

"மேற்படி கரடி திங்கும். தின்னுச்சுன்னா பிரிவு ரெண்டு. நாளைக்குள்ள பறிச்சிடுங்க."

அவர் மரத்தின் இடுப்பில் மஞ்சள் நாடா கட்டி 'கண்காணிப்பில்' என்று எழுதிவிட்டுப் போனார். ஃபுசாயே தலையாட்டினாள், ஆனால் பறிக்கவில்லை. முடியாது என்று சொல்லத்தான் அவளுக்குத் தெரியாது. செய்யாமல் இருக்க நன்றாகத் தெரியும்.

இனி நானூற்றுப் பன்னிரண்டு பழங்களை என்ன செய்வது? தின்று தீராது. தொங்கவிடக் கூடாது. குப்பையில் போட்டால் அது கரடிக்கு விருந்து. ஒரு பெட்டியை அழகாகத் துணியில் கட்டித் தோமிகோ அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பரிசு வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? தோமிகோ உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். அதிலும் காக்கிதான்.

ஊர் முழுக்க இதுவே நடந்தது. நூற்று இருபது வீடுகளும் ஒன்றுக்கொன்று குனிந்து வணங்கிப் பழம் கொடுத்தன, குனிந்து வணங்கிப் பழம் வாங்கின. நான்காம் நாள் ஃபுசாயேவுக்கு ஒரு பெட்டி வந்தது. மூலையில் மைக் கறை. அவளுடைய பெட்டிதான். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புது ரிப்பனோடு திரும்பியிருந்தது.

"இப்படியே போனா சாகிற வரைக்கும் கும்பிட்டுக்கிட்டே இருக்கணும்டி" என்றாள் தோமிகோ. "திருப்பிக் குடுக்காத வீடு ஒண்ணுதான் இந்த ஊர்ல இருக்கு. ஊராட்சி ஆபீஸ்."

உண்மைதான். ஊழியர்கள் பதில் பரிசு தரக் கூடாது என்று விதி. பொதுமக்கள் அன்போடு தருவதை மறுப்பதோ மரியாதை இல்லை. 'தங்கள் அயராத உழைப்புக்கு நன்றி' என்ற சீட்டோடு மூன்றே நாளில் ஊரின் மொத்தப் பழமும் கரடித் தடுப்புப் பிரிவின் கூட்ட அறைக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டிகள் கூரையைத் தொட்டன. குளிருக்கு அறையில் வெப்பக் கருவி ஓடியதால் பழங்கள் குழைந்து, தேன் போல மணத்தன. மக்களின் அன்பு மணக்கிறது என்று கமாதா மூக்கை விரித்துப் பெருமைப்பட்டார். ஊரில் பழமே இல்லை. வியாழக்கிழமை 'பழமற்ற ஊர் விழா' என்று அறிவித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபுசாயேவின் மரத்தில் நகக்கீறல்கள் இருந்தன. உச்சிப் பழம் இல்லை. கமாதா கீறல்களை அளந்து குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மரம் வெட்டப்படும், ஆட்சேபணை இருந்தால் விழாவில் எழுந்து சொல்லலாம், ஆவன செய்யப்படும் என்றார். ஃபுசாயே மரத்தடியில் நின்று ஆட்சேபணையை இருபது முறை சொல்லிப் பார்த்தாள். ஒரு முறைகூடத் திக்கவில்லை.

வியாழக்கிழமை அதே கூட்ட அறையில், பெட்டி மலைகளுக்கு நடுவே கமாதா நாற்பது நிமிடம் பேசினார். பிறகு, "மரத்துக்காரங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

ஃபுசாயே எழுந்து அவையைப் பார்த்துத் திரும்பினாள். முதல் வார்த்தை தொண்டையில் சிக்கியது. கண்களைத் தாழ்த்திக்கொண்டு அதை மேலே இழுக்கப் போராடினாள். அவளுக்குப் பின்னால் வாசலின் தானியங்கிக் கதவு திறந்து, "வருக, வணக்கம்" என்று பதிவுக் குரலில் சொல்வது கேட்டது. யாரோ தாமதமாக வருகிறார்கள் என்று நினைத்தாள். நாற்காலிகள் உருண்டன, ஜன்னல்கள் திறந்தன. ஒருவழியாக அவள் தலையை நிமிர்த்தி, "அந்த மரம் வந்து..." என்றபோது அவையில் ஒருவரும் இல்லை. தன் பேச்சு இத்தனை மோசமா என்று அவளுக்கு அழுகை வந்தது.

பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். மார்பில் வெள்ளைப் பிறை.

ஊராட்சியின் துண்டுப் பிரசுரம் சொல்வது இது: கரடியைக் கண்டால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். ஃபுசாயே பிறந்ததிலிருந்து எல்லாரிடமும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறாள். புதிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கரடியும் அவளைப் பொருட்படுத்தாமல் முதல் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்தது.

வெளியே ஜின்பெய் துப்பாக்கியோடு நின்றார். "சார், அனுமதி?"

"படிவம் இருக்கு" என்றார் ஜன்னல் வழியாகக் குதித்ததில் ஒரு செருப்பை இழந்திருந்த கமாதா.

"முத்திரை?"

கமாதா கூட்ட அறையைக் கைகாட்டினார். ஏழு முத்திரைகளும் உள்ளே மேசை இழுப்பறையில் இருந்தன. மேசைமேல் கரடி இருந்தது. மதியம் வரை அது பொதுமக்களின் அன்பை முழுமையாக ஏற்றுக்கொண்டு, மலைக்குத் திரும்பியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேறொருவராக இருந்தால் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்திருப்பார். கமாதா கடமை வீரர். ரம்பத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு சரியாக ஒன்பது மணிக்கு மரத்தடிக்கு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தோமிகோவும் ஜின்பெய்யும் நின்றார்கள்.

"நேத்து நடந்தது வேற, இது வேற. ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

ஃபுசாயே படிவத்தை வாங்கினாள். மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அப்படிச் சாய்ந்தால் அவளுக்குப் பேச்சு வரும். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள்.

"கரடி தின்ற இடம்... ஊராட்சி அலுவலகம். ஈர்த்தது... கரடித் தடுப்புப் பிரிவு. விலக்கு... யாருக்கும், எதற்கும் இல்லை." பேனாவை நிறுத்தி, வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அதிகாரியின் கண்ணைப் பார்த்தாள். "இன்னும் ஒரு கட்டம் காலியா இருக்கு சார். உங்க ஆபீஸ்ல மொத்தம் எத்தனை பழம்?"

கமாதா மரத்தைப் பார்த்தார். அதன் இடுப்பிலிருந்த மஞ்சள் நாடாவைப் பார்த்தார். பிறகு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.