ஒட்டுப் போடாத மேஜை

“விறகுக்குத்தான் ஆகும்” என்று சொல்லி, முற்றத்தை அடைத்துக்கொண்டு விழுந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தை ஒரு தட்டுத் தட்டினார் மரக்கடைக்காரர்.

“வாங்க வர்றவன் சரக்கைப் புகழ்ந்தா பேசுவான்? நானும் கடையில அதைத்தான் செய்யறேன்” என்றார் ஜவுளிக்கடை முதலாளி. “நான் இதை விக்கறதா இல்லை.”

“சரி, நீங்க கூலி எதுவும் தர வேணாம். சும்மாவே எடுத்துட்டுப் போறேன். வழியாவது விடும்.”

“சும்மா கேக்கறீங்கன்னா, இதுல ஏதோ இருக்கு.”

மரக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

முதலாளியின் மனசில் இருந்தது ஒரு மேஜை. போன தடவை வந்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், துணி மூட்டை மேல் தட்டை வைத்துச் சாப்பிடும்படி ஆகிவிட்டது. மச்சானுக்கு நாற்காலி மேஜைக் கடை. “சொல்லுங்க மாப்பிள்ளை, கழிச்சுப் போட்டதுல ஒண்ணு அனுப்பி வைக்கறேன்” என்று அத்தனை விருந்தாளிகள் நடுவில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

“அவர் கடை மேஜை எல்லாம் துண்டு துண்டா ஒட்டினது” என்றார் மனைவியிடம். “ஒட்டுப் போட்ட துணியை நம்ம கடையில கால் துடைக்கக்கூட வைக்க மாட்டோம். நம்மது ஒரே பலகை. உங்க அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது.”

“உங்க இஷ்டம்” என்றாள் மனைவி. எதற்கும் பத்து நொட்டை சொல்கிறவள் இப்படி ஒரே சொல்லில் அடங்கியது மரியாதையால் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மரத்தைத் தூக்கக் கிரேன் வந்தது. முதலாளி வாடகையைப் பாதிக்குக் குறைத்துக் கேட்டார். கிரேன்காரர் உடனே சரி என்றார். கால்வாசிக்கே கேட்டிருக்கலாமே என்று முதலாளிக்கு வயிறு எரிந்தது. மனைவி கிரேன்காரருக்கு டீ கொடுத்து, என்னவோ நல்ல வார்த்தை பேசிவிட்டு வந்தாள்.

மரம் எழுந்தது, அரை வட்டம் சுற்றியது, வெளிக்கேட்டைத் தூக்கித் தெருவில் போட்டது. கம்பி கட்டி வைத்திருந்த கேட். திறக்க ஒருவர், தாங்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

“யோவ்! பாத்து!”

“காத்து சார்” என்றார் கிரேன்காரர். ஒரு இலைகூட அசையவில்லை.

அறுப்பு மில்லில், நடு மரத்திலிருந்து அரை அடி கனத்தில் ஒரே ஒரு பலகை. மீதி மரத்தை அறுப்புக் கூலிக்கு ஈடாக மில்காரர் தலையில் கட்டிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார் முதலாளி.

“ஒரு வருஷமாவது நிழல்ல காயணும்” என்றார் மில்காரர். “வெயில் பட்டா வெடிச்சிடும்.”

நிழல் என்றால் வீட்டுக் கூடம்தான். அதே கிரேன் பலகையை வாசல் வரை கொண்டுவந்தது.

“சாய்ச்சுக் கொண்டுபோனா வாசல்ல நுழையுமே?” என்றார் முதலாளி.

“சாய்ச்சா விரிசல் விட்டுரும் சார். அப்புறம் ஒட்டுத்தான்” என்றார் கிரேன்காரர்.

ஒட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளி நடுங்கிப்போனார். “வேணாம், படுக்கை வசத்துலயே விடுங்க!”

“அனுபவஸ்தர் சொல்றாரு, கேளுங்க” என்றாள் மனைவி.

பலகை படுத்தபடியே உள்ளே போனது. கரையான் பாதி தின்றிருந்த வாசல் நிலை, கதவோடு சேர்ந்து வழிவிட்டது. போன வேகத்தில் பலகையின் மறுமுனை எதிர்ச் சுவர் ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

“நுழைஞ்சிடுச்சு சார்!” என்றார் கிரேன்காரர் உற்சாகமாக.

அந்த ஒரு வருஷமும் கேட், கதவு, ஜன்னல் மூன்று இடத்திலும் கடைத் திரைச்சீலைதான் தொங்கியது. வீட்டார் சாப்பிட்டது பலகையைச் சுற்றி, தூங்கியது பலகை மேல். போகிற வருகிறவர்கள் கிளைக் கடை என்று நினைத்து உள்ளே வர ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் வாசல் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, “இது மீட்டர் எப்படி?” என்றாள்.

முதலாளியின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. “கிழிஞ்சாலும் சாயம் போகாதும்மா!”

“வாசலை வித்துட்டு வந்து நிக்கறீங்களே, உங்களை என்ன செய்ய!” என்றாள் மனைவி.

பலகை காய்ந்ததும் தச்சர் வந்தார். “மேஜை கிடக்கட்டும் முதலாளி. அதை வைக்கிற வீட்டுக்குக் கதவு வேணாமா? மரம் வாங்கிப் போடுங்க.”

முதலாளி மரக்கடைக்குப் போனார். மரக்கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே முதலாளி திரும்பிவிட்டார்.

“வீட்டுல இவ்வளவு மரத்தை வெச்சுக்கிட்டு, போயும் போயும் அந்த ஆள்கிட்ட வாங்கறதா? பலகையில ஓரமா கொஞ்சம் எடுத்துக்கய்யா.”

ஓரம் வாசல் நிலைக்குப் போனது. அதற்குப் பக்கத்து ஓரம் கதவுக்கு. நடுப்பாகம் கேட்டுக்கு. மிச்சம் ஜன்னலுக்கு. கடைசியில் மேஜைக்கென்று நின்றது, ஒரு டம்ளரும் அதன் நிழலும் வைக்கிற அளவுக்கு ஒரு துண்டு.

அந்த வாரமே மச்சான் வந்து இறங்கினார். முதலாளி அந்தத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு மானம் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டார்.

மச்சானோ உள்ளேயே வரவில்லை. கேட்டைத் தடவினார். கதவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். ஜன்னலுக்குப் போய் மூக்கை வைத்துப் பார்த்தார்.

“மாப்பிள்ளை! என்ன ரேகை, என்ன பளபளப்பு! என் கடையில இப்படி ஒண்ணு கிடையாது. யார் யோசனை இது?”

முதலாளிக்கு உயிர் வந்தது. முதுகும் நிமிர்ந்தது. “வேற யாரு மச்சான்? மேஜை மேஜைன்னு வெளிய சொல்லிக்கிட்டேனே தவிர, மரம் விழுந்த அன்னைக்கே மனசுல கணக்குப் போட்டுட்டேன். கேட்டு, கதவு, ஜன்னல், எல்லாம் வரிசையா என் திட்டம்தான். இவகிட்டகூட மூச்சு விடலையே!”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

தெருவில் ஏதோ வேலை முடித்து வந்த கிரேன் புதுக் கேட்டுக்கு முன்னால் நின்றது. கிரேன்காரர் இறங்கி வந்து, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மனைவியிடம் தலையைச் சொறிந்தார்.

“மன்னிச்சுக்கங்க அக்கா, நீங்க சொன்னதுல சமையக்கட்டுக் கதவு மட்டும் அன்னைக்கு விட்டுப்போச்சு. வண்டி சும்மாதான் நிக்குது, இப்ப இடிச்சுத் தந்துடவா?”